முப்பது நாள் நகல்

நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை. அதனால் ஒன்றும் இல்லை; கோடு இல்லாமலே எனக்கு நேராக எழுத வரும். இடப்பக்கம் இரண்டு விரற்கடை விட்டிருக்கிறேன். கோப்பில் சேர்த்துத் தைக்கும்போது எழுத்து மறையக் கூடாது.

ஆய்வாளர் நந்தனா அவர்களே, நீங்கள் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். சன்னலை ஒட்டிய இரண்டாம் பெஞ்சில் இருந்தீர்கள். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த நாளில் 'எழுதல டீச்சர்' என்று மட்டும் சொல்வீர்கள். காய்ச்சல் என்றோ கரண்டு போய்விட்டது என்றோ சொல்ல மாட்டீர்கள். அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடம் எழுதித் தருகிறேன். சீருடையில் இருப்பவரை ஒருமையில் அழைப்பது முறையன்று. ஆகவே இந்த வாக்குமூலம் முழுவதும் 'நீங்கள்' என்றே வரும்.

என் பெயர் ச. நேசபாய். வயது எழுபத்தொன்று. முப்பத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் பணி செய்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். அந்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் வருகைப்பதிவேட்டில் ஓர் இடத்தில்கூடச் சிவப்பு மையால் திருத்தம் செய்ய நேர்ந்ததில்லை. கல்வி அதிகாரி ஒருவர் அதை மற்றப் பள்ளிகளுக்குக் காட்டுவதற்காக வாங்கிக்கொண்டு போனார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பின்னால் நடந்தது புரிய வேண்டுமானால் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், குழித்துறையில் ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் திருச்சபை மருத்துவமனையின் பதிவறைக்குள் முழங்கால் அளவு நீர் ஏறியது. நாற்பது ஆண்டு அட்டைகள் நனைந்தன. வராந்தாவில் கயிறு கட்டி உலர்த்தினார்கள். அப்போதுதான் மருத்துவமனைக் குழு என்னை அழைத்து, பதிவுகளுக்குப் பொறுப்பேற்கும்படி கேட்டது. ஊதியம் இல்லை. பத்து மணிக்கு ஒரு தேநீர் தருவார்கள்.

நனைந்த அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றினோம். ஏற்றிய பிறகு அட்டைகளை அழித்துவிடலாம் என்று சொன்னவள் நான்தான். பூஞ்சணம் பிடித்த காகிதத்தை வைத்திருப்பதில் பொருள் இல்லை. மேலிடத்தில் இதை வாசிப்பவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். ஆகையால் ஏற்பாட்டைத் தெளிவாக எழுதுகிறேன். நோயாளிகளின் பதிவுகள் எங்கள் கட்டடத்தில் இல்லை. வெளியூரில் உள்ள ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தில் இருக்கின்றன. நாங்கள் திரையில் பார்ப்பதும் திருத்துவதும் அங்கே உள்ள கோப்பைத்தான். ஒவ்வொரு நாள் முடிவிலும் அவர்கள் அந்தக் கோப்பு முழுவதையும் நகலெடுத்துத் தனியே பூட்டி வைப்பார்கள். ஒரு நகலின் ஆயுள் முப்பது நாள். அதற்குப் பிறகு அது தானாகவே அழிந்துவிடும். நகலிலிருந்து எதையாவது மீட்க வேண்டுமானால், மருத்துவமனையின் சார்பில் அங்கீகரிக்கப்பட்ட ஒரே ஒருவர், தமக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லைச் சொல்லிக் கேட்க வேண்டும். வேறு யார் கேட்டாலும், தலைமை மருத்துவரே கேட்டாலும், தர மாட்டார்கள்.

அந்த ஒருவர் யார் என்று குழுவில் பேச்சு வந்தபோது தலைவர் யோசிக்கவே இல்லை. "டீச்சர் கையில இருந்தா கர்த்தர் கையில இருக்கது போல" என்று சொல்லி என் பெயரை எழுதினார்.

சென்ற நவம்பரில் மருத்துவமனைக்குத் தரச் சான்று கொடுப்பதற்காக ஆய்வுக்குழு ஒன்று வரவிருந்தது. ஒரே நோயாளிக்கு இரண்டு பதிவுகள் இருக்கலாகாது என்று அவர்கள் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். நவம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, கணினிப் பணியாளன் வினோஜை உட்கார வைத்து அப்படிப்பட்டவற்றைப் பட்டியலிடச் சொன்னேன். நாற்பத்தாறு இணைகள் வந்தன. ஒவ்வோர் இணையிலும் ஒரே பெயர், ஒரே முன்னெழுத்து, ஒரே விளை.

எங்கள் மேற்குப் பகுதியில் ஓர் ஆளைத் தெருவின் பெயரால் அறிவதில்லை. வீடு நிற்கும் நிலத்தின் பெயரால், அதாவது விளையின் பெயரால் அறிவோம். அண்ணன் தம்பிகள் ஒரே விளையில்தான் வீடு கட்டுவார்கள்.

வினோஜ் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னான்: "டீச்சர், இது ரெண்டு ரெண்டு ஆளாட்டு இருக்கும். தாத்தாவுக்க பேரப் பிள்ளைக்குப் போடாத வீடு நம்ம பக்கத்துல உண்டா? எனக்க குடும்பத்துல மட்டும் மூணு சுயம்பு உண்டு. வேலைக்கு விளிச்சா ஒருத்தனும் வரமாட்டான். சோத்துக்கு விளிச்சா நாலு பேரு வருவானுவ."

மருந்துப் பட்டியல் வாங்க வந்திருந்த செவிலி சஜிதா சிரித்தாள். "அந்த நாலாவது ஆளு நீங்கதானே அண்ணா."

"ஆமா, நான் இல்லாம பந்தியா?" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நாப்பத்தாறு வீடுதானே டீச்சர். போன் போட்டுக் கேட்டா ரெண்டு நாள்ல தீரும்" என்றான்.

அவன் சொன்னது நியாயமான யோசனை. அன்றே எனக்கு அது தெரியும். ஆனால் ஆய்வுக்குழு புதன்கிழமை வரவிருந்தது. சரிபார்க்கப்பட்டது என்று நான் கையெழுத்திட வேண்டிய தாள் தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. இணைகளில் வயது இரண்டு மூன்று ஆண்டு முன்பின்னாக இருந்தது உண்மை. எங்கள் மக்கள் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்பவர்கள். பழைய பதிவுகளில் தொலைபேசி எண்ணும் இல்லை. ஆகவே ஒரு விதி வகுத்தேன்: இரண்டில் புதியது நிற்கும், பழையது நீங்கும். அன்று மாலைக்குள் நாற்பத்தாறும் முடிந்தன. நீக்கிய ஒவ்வொன்றின் எண்ணையும் பெயரையும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் முழுவதும் வாசித்தேன். வாசிக்காத தாளைக் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

புதன்கிழமை வந்த ஆய்வுக்குழு பதிவுகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான பதிவேட்டை இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை என்று சொன்னது.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஆபேல் என்ற கொத்தனாரை, அண்டை வீட்டார் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். காலில் ஆணி குத்திய புண் புரையோடி, காய்ச்சல் முற்றி, பிதற்றிக்கொண்டிருந்தார். மனைவி ஜெபகுமாரி ஆராதனையில் இருந்தார். சஜிதா திரையைப் பார்த்தாள். எஸ். ஆபேல், தெங்கடிவிளை, ஒவ்வாமை ஏதும் இல்லை. மருத்துவர் எழுதிய ஊசியைப் போட்டாள். பன்னிரண்டு நிமிடங்களில் ஆபேல் இறந்துவிட்டார்.

ஆராதனை முடிந்து நான் மருத்துவமனைக்கு வந்தபோது ஜெபகுமாரி வராந்தாவில் நின்றார். வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து, முன்பு நோயாளிகளின் கையில் கொடுத்தனுப்பிய பழைய அட்டை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அதில் அந்த ஊசியின் பெயர் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருந்தது.

"டீச்சரே, எனக்க ஆளுக்கு இது ஆவாதுன்னு இஞ்ச உள்ள டாக்டருதான் எழுதித் தந்தாவ. கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு, இனி அட்டையைக் கொண்டு நடக்காண்டாம்னு சொன்னியளே."

அப்படிச் சொன்னவளும் நான்தான். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி சொன்னேன்.

அதற்குள் உடலை வாங்குவதற்காகப் பேச்சிப்பாறையிலிருந்து உறவினர் ஒருவர் வந்துவிட்டார். அங்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுப்பவர். முன்மேசையில் இருந்த அஞ்சு என்ற பெண் அவருடைய பெயரைக் கேட்டாள்.

"எஸ். ஆபேல். தெங்கடிவிளை."

"அண்ணா, செத்த ஆளுக்க பேரு இல்ல. ஒங்க பேரச் சொல்லுங்க."

"எனக்க பேரும் அதுதான் பிள்ள" என்றார் அவர். "அவன் எனக்க சித்தப்பனுக்க மகன். எனக்க அப்பா ஸ்டீபன், சித்தப்பா ஸ்டான்லி. தாத்தாவுக்க பேர ரெண்டு பேருக்கும் போட்டாவ. அவன் சின்ன ஆபேலு, நான் பெரிய ஆபேலு. இனி சின்னது பெரியதுன்னு விளிக்க ஆளில்ல."

நான் மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தேன். உயிரோடு நிற்பவர் இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தேன். பெரிய ஆபேல் சென்ற ஆண்டு பல் பிடுங்க வந்திருந்தார். அது புதிய பதிவு. அதை நிற்கவிட்டு, சின்ன ஆபேலின் பழைய பதிவை நீக்கியிருந்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இதற்கு மேல் நடந்தவற்றை நான் அறியாமல் செய்தேன் என்று யாரும் எழுதக் கூடாது.

மறுநாள் காலை வினோஜ் வந்தான். சவரம் செய்திருக்கவில்லை.

"டீச்சர், ரெண்டாந் தேதி எடுத்த காப்பி கம்பெனிக்காரங்க கையில கெடக்கு. அதுல நாப்பத்தாறும் அப்பிடியே இருக்கும். நீங்க ஒரு மெயில் போட்டா ஒரு மணி நேரத்துல திரும்ப ஏத்திரலாம்."

அப்படி ஏற்றினால் இந்த வாரத்துப் பதிவுகள் கெட்டுப்போகும் என்று சொன்னேன்.

"கெடாது டீச்சர். அந்த நாப்பத்தாறை மட்டும் தனியா எடுக்கலாம். இன்னைக்கு உள்ளதத் தொடவே வேண்டாம்." அவன் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். "டிசம்பர் ரெண்டு வரைதான் அது இருக்கும். அதுக்குப் பொறவு நம்ம அழுதாலும் கிட்டாது."

பதிவு கெடாது என்பது எனக்கும் தெரியும். ஒப்பந்தத்தை நான் மூன்று முறை வாசித்தவள். இருப்பினும், குழுவின் தீர்மானம் இல்லாமல் நான் எதையும் கேட்க முடியாது என்று சொன்னேன். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை. வினோஜ் ஒப்பந்தத்தைப் பார்த்தவன் அல்லன்.

குழு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை கூடும். அந்தச் சனிக்கிழமை சபையில் அசனம். ஆயிரத்தைந்நூறு பேருக்குச் சமைத்துப் பந்தி வைக்கும் நாளில் குழு உறுப்பினர்கள் வாளியும் கரண்டியுமாக நிற்பார்கள், கூட்டத்துக்கு வரமாட்டார்கள். ஆகவே கூட்டத்தை டிசம்பர் இருபதுக்கு ஒத்திவைக்கலாம் என்று முன்மொழிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. வினோஜ் அசனப் பந்தலுக்கே போய்த் தலைவரைப் பார்த்திருக்கிறான். அவர் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே, "அதெல்லாம் டீச்சர் பாத்துக்குவாங்க மக்கா, நீ இரி, ஒரு வாய் சாப்பிடு" என்று சொல்லியிருக்கிறார். அவன் சாப்பிடாமல் திரும்பிவிட்டான். அதைத் தலைவர் என்னிடம் வருத்தத்தோடு சொன்னார்.

நான் ஏன் அந்த நகல் அழியட்டும் என்று காத்திருந்தேன் என்பதை நீங்கள் கேட்பீர்கள். தண்டனைக்கு அஞ்சியல்ல. எழுபத்தொரு வயதில் எந்த அறையில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு பாயும் ஒரு வேதப்புத்தகமும் போதும். ஆனால் நகலை மீட்டால் நாற்பத்தாறு வரிகளும் திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே திருத்தம் என்ற சொல் ஏறும். கீழே என் பெயர் இருக்கும். அது என்றைக்கும் அங்கேயே இருக்கும். அப்படி ஒரு பதிவேட்டை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இறந்தவரை எந்த நகலும் மீட்காது என்றும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆபேலைப் பொறுத்தவரை அது சரிதான்.

நவம்பர் இருபத்தொன்பதாம் தேதிக்கு வருகிறேன். நகல் அழிய மூன்று நாள் இருந்தது.

காஞ்சறவிளை ரசலையனின் மகள் எஸ்தர், இருபத்திரண்டு வயது, குடல்வால் அறுவைக்காக வந்திருந்தாள். அவளுடைய தாய் ரெஜிலாவும் என்னிடம் படித்தவள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டாள். நான் வார்டு வழியாகப் போனபோது சஜிதா படுக்கைக்கு அருகில் தாளோடு நின்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்னால ஆப்பரேசன் ஏதாவது செய்திருக்கியா பிள்ள?"

"ஏழு வயசுல மாமரத்துல இருந்து விழுந்து கை ஒடிஞ்சது அக்கா. இஞ்சதான் வச்சுக் கெட்டினாவ."

"அப்போ மயக்க மருந்து குடுத்தப்ப ஏதாவது பிரச்சினை வந்துச்சா?"

"எனக்கு ஓர்ம இல்ல. அதெல்லாம் அம்மைக்குத்தான் தெரியும். அம்மை இப்ப இல்லல்லா. கம்ப்யூட்டர்ல கெடக்கும், பாருங்க." பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "அக்கா, தையலைச் சின்னதாட்டு போடச் சொல்லுங்க. ஜனவரில அண்ணனுக்குக் கல்யாணம். சாரி கெட்டணும்" என்றாள்.

"சாரி கெட்டுனா வயித்த யாரு ஏட்டி பாக்கா? மாப்பிள்ள பாக்க வாறவனா?"

இருவரும் சிரித்தார்கள். ஆபேல் இறந்த நாளிலிருந்து சஜிதா அப்போதுதான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், ஸ்கிரீன்ல ஒண்ணும் இல்லன்னு இருக்கு. இந்தப் பிள்ளைக்க ரெக்கார்டு சரிதானா? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. எனக்கு இப்பம் ஸ்கிரீன நம்ப முடியல."

காஞ்சறவிளையில் ஆர். எஸ்தர் இரண்டு பேர். பாட்டியின் பெயர். ஒருத்தி ரசலையனின் மகள். மற்றவள் அவருடைய தம்பி ரத்தினராஜின் மகள். என் குறிப்பேட்டில் இருபத்தொன்பதாவது இணை. நீக்கிய பதிவில் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவர் எழுதியிருந்தது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவில் இருந்தது. இந்தக் குழந்தைக்கு இன்ன மயக்க மருந்தை ஒருபோதும் கொடுக்கலாகாது, உடல் கொதித்துவிட்டது, பிழைத்தது அரிது. வாசித்தபோது, நல்ல தெளிவான கையெழுத்துள்ள மருத்துவராக இருந்திருப்பார் என்று எண்ணினேன். அட்டையில் இருந்ததை அப்படியே படமெடுத்து ஏற்றியிருந்தார்கள்.

அந்த ஒரு வரியை நான் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எங்கே வாசித்தீர்கள் என்று சஜிதா கேட்பாள். திரையில் ஏன் இல்லை என்று மருத்துவர் கேட்பார். நகலை எடுங்கள் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். மூன்று நாள்தான் இருந்தது.

"பதிவு சரியாக உள்ளது" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மை ஒங்களப் பத்திச் சொல்லுவா டீச்சர். நீங்க சொன்னா அது சரியா இருக்கும்னு."

பத்தரை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்குள் அவள் உடல் கொதிக்கத் தொடங்கியது. ஐஸ் வாங்க மீன் சந்தைக்கு ஆள் ஓடினான். ரசலையன் வெளியே பெஞ்சில் மகளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். ரசலையன் செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றார். அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பெஞ்சின் கீழே, இரண்டும் ஒரே திசையைப் பார்க்கும்படி வைத்தேன்.

டிசம்பர் முதல் தேதி பகல் மூன்று மணிக்கு அந்த நிறுவனத்திலிருந்து எபின் என்ற அலுவலர் தொலைபேசியில் பேசினார். வினோஜ் அவரை அழைத்து அழுதிருக்கிறான். ஆனால் வினோஜின் சொல்லை வைத்து அவர்களால் எதுவும் செய்ய முடியாது.

"மேடம், நாளையோட அந்த நகல் அழிஞ்சிரும். ரெண்டு பேரு இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டோம். தீர்மானம், கடிதம் எல்லாம் மெதுவா அனுப்புங்க. இப்ப நீங்க கடவுச்சொல்லைச் சொல்லி, 'வையுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அழியாம பூட்டி வச்சிருவேன்."

நான் கடவுச்சொல்லைச் சொன்னேன். ஆறு ஆண்டுகளில் அதை நான் பயன்படுத்தியது அந்த ஒரு முறைதான். அவர் சரிபார்த்துவிட்டு, "சொல்லுங்க மேடம்" என்றார்.

"வேண்டாம். விதிப்படி அழியட்டும்" என்றேன்.

அவர், "ஒருமுறை திரும்பச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார். திரும்பச் சொன்னேன். அவர்களுடைய எல்லா அழைப்புகளும் ஒலிப்பதிவாகின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என் குரலில் தடுமாற்றம் இருக்காது.

மறுநாள் என் குறிப்பேட்டைச் சருகோடு சேர்த்துக் கொளுத்தினேன். நகல் இல்லாத பிறகு அந்த எண்கள் எதையும் குறிக்கவில்லை. இப்போது நீங்கள் மீதி நாற்பத்து நான்கு பேரின் பெயரைக் கேட்பீர்கள். நேற்று முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு பெயர்கள் நினைவுக்கு வருகின்றன. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மற்ற முப்பத்து மூன்று பேர் யார் என்று எனக்குத் தெரியாது. தங்கள் பதிவு நீங்கியது அவர்களுக்கும் தெரியாது. அவர்கள் எங்காவது தூக்கி வரப்படும் அன்று தெரியும். எல்லா வீடுகளிலும் அட்டையை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்க மாட்டார்கள். இனி வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன் அல்லவா.

டிசம்பர் பதினேழாம் தேதி நீங்கள் வினோஜைக் கைது செய்தீர்கள். நீக்கியது கணினியில் அவனுடைய பெயரில் பதிவாகியிருந்தது. தான் செய்யவில்லை என்று அவன் சொன்னான்; நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். பையன் பயந்துபோயிருக்கிறான் என்று பதில் சொன்னேன். அது பொய் அன்று. அவன் பயந்துபோய்த்தான் இருந்தான். அவனுடைய தாய் கிருஷ்ணமணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "டீச்சரே, எனக்க மொவன் செய்திருந்தா தூக்குல போடட்டும், நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். செய்யலேன்னு அவன் சொல்லுகான். நீங்க ஒரு வார்த்த சொன்னா போலீஸ் கேக்கும்" என்றாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பேருந்து நேரத்தைச் சொல்லி அனுப்பினேன்.

அவளுடைய கண்ணீர் என்னை மாற்றியது என்று நீங்கள் எழுத வேண்டாம். சென்ற வாரம் குற்றப்பத்திரிகையின் படியைக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள், அதை வாசித்தேன். செய்தவர் என்ற இடத்தில் வினோஜ் என்று இருந்தது. அந்த இடம் தவறாக இருக்கிறது. நவம்பர் மூன்றாம் தேதி நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அவன் அழுத்தினான் என்றுதான் நீங்கள் இதுவரை எண்ணியிருப்பீர்கள். அவன் ஒன்றைக்கூட அழுத்தவில்லை. முதல் இணையிலேயே கையை எடுத்துவிட்டான். "என்னால முடியாது டீச்சர். ஆளக் கேக்காம ஆள அழிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டான். திரையைப் பூட்டாமல் போனது ஒன்றுதான் அவன் செய்த பிழை. என்னை நம்பி அப்படிப் போனான். நான் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து, நாற்பத்தாறையும் ஒவ்வொன்றாக, என் கையாலேயே நீக்கினேன். திரும்பி வந்தவன் திரையைப் பார்த்தான். "முடிச்சிட்டியளா" என்று மட்டும் கேட்டான்.

ஆபேலின் சாவுக்கு நான் காரணம். எஸ்தரின் சாவை நான் அறிந்தே விட்டேன். நகலை அழிய விட்டவள் நான். வினோஜை விட்டுவிடுங்கள், அவன் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை, முன்னெழுத்தோடு, எழுதுங்கள். அது மட்டும்தான் என் வேண்டுகோள்.

மற்றபடி நான் பார்த்த வேலையில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். காஞ்சறவிளையில் ஓர் எஸ்தர்தான் இருக்கிறாள். தெங்கடிவிளையில் ஒரே ஓர் ஆபேல்தான் இருக்கிறார். பதிவேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.